கேள்வி – பதில்: ஆய்வு மெமோவைக் கொடுப்பதற்கு முன் எதை முதலில் திருத்துவது?

சிங்கப்பூரில் படிப்புக்காகவும் வேலைக்காகவும் சமூக மன்றத் தொண்டூழியத்துக்காகவும் ஆய்வு மெமோ (ஒரு பிரச்சினையை ஆராய்ந்து, முடிவெடுப்பவருக்குப் பரிந்துரை சொல்லும் சிறு அறிக்கை) எழுதும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் இந்த இதழில் இடம்பெறுகின்றன. வரைவு கையில் இருக்கிறது, இறுதி நாளும் தெரிந்துவிட்டது, நடுவில் என்ன செய்வது என்பதுதான் எல்லாருடைய கவலையும்.

பகுதிநேரப் பட்டப்படிப்பு படிக்கிறேன். மூத்தோர் நடவடிக்கை நிலையங்கள் பற்றி 2,000 சொல்லில் ஒரு மெமோ எழுதினேன். விரிவுரையாளர் முதல் வரைவில் 31 குறிப்புகள் போட்டுத் திருப்பித் தந்திருக்கிறார். இன்னும் இரண்டு வாரத்தில் இறுதி வடிவம் கொடுக்க வேண்டும். பகலில் வேலைக்குப் போகிறேன். முதல் குறிப்பிலிருந்து வரிசையாகத் திருத்திக்கொண்டே போகலாமா?
— வாசகி, தெம்பனிஸ்

வேண்டாம். வரிசையாகப் போனால் முதல் பக்கத்து எழுத்துப்பிழைகளிலேயே ஒரு மாலைப்பொழுது போய்விடும். மூன்றாம் பக்கத்தில் அவர் "இந்தப் பரிந்துரைக்கு ஆதாரம் எங்கே?" என்று கேட்டிருந்தால், அதைக் கடைசி வாரத்தில்தான் தொடுவீர்கள். அதற்குப் பதில் தேடப் போய்ப் பரிந்துரையே மாறிவிடலாம். மாறினால், செப்பனிட்டு வைத்த முதல் பக்கத்தைத் தூக்கிப்போட வேண்டியிருக்கும். அதற்கு மனம் வராது என்பதுதான் பெரிய ஆபத்து. நன்றாக வந்திருக்கிறதே என்பதற்காகப் பொருந்தாத பத்தியை விட்டுவைத்து, மெமோ முழுவதும் தள்ளாடுவதை அடிக்கடி பார்க்கிறோம்.

முதல் மாலை எதையும் திருத்தாதீர்கள். வரைவை அச்செடுத்து, ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும் அது என்ன சொல்கிறது என்று பென்சிலால் ஒரே வரி எழுதுங்கள். ஒரு வரிக்குள் அடங்காத பத்தியில் இரண்டு விஷயங்கள் கலந்திருக்கின்றன. இரண்டு பத்திகளுக்கு ஒரே வரி வந்தால் அவற்றில் ஒன்று போதும். பிறகு அந்த ஓர வரிகளை மட்டும் தனித்தாளில் எடுத்தெழுதி, மேலிருந்து கீழே படியுங்கள். வாதம் எங்கே அறுந்துபோகிறது என்பது அப்போது தெரியும்.

அடுத்து, 31 குறிப்புகளையும் எக்செல் அட்டவணையில் ஏற்றுங்கள். குறிப்பு, பக்கம், வகை, நான் செய்யப்போவது, ஆகும் நேரம், முடிந்ததா என்று ஆறு நெடுவரிசைகள் போதும். வகை மூன்றுதான். முடிவையோ வாதத்தையோ தொடுவது முதல் வகை. எண்ணையோ சான்றையோ தொடுவது இரண்டாவது. மொழியும் வடிவமும் மூன்றாவது. முதல் வகையில் நாலைந்து குறிப்புகள்தான் தேறும். ஆனால் உங்கள் நேரத்தில் பெரும்பங்கு அவற்றுக்குத்தான் போக வேண்டும்.

வேலைநாள் மாலையில் ஒன்றரை மணி நேரம், சனி ஞாயிறில் நாளுக்கு நான்கு மணி நேரம் என்றால் இரண்டு வாரத்தில் 31 மணி நேரம் வரும். வீட்டில் யாருக்காவது காய்ச்சல், அலுவலகத்தில் கூடுதல் வேலை என்று ஏதாவது வரத்தான் செய்யும். அதனால் 25 மணி நேரம் என்றே கணக்கு வையுங்கள். படித்து அட்டவணை போட 2, முதல் வகைக்கு 10, இரண்டாம் வகைக்கு 6, மொழிக்கு 4, கடைசிச் சரிபார்ப்புக்கு 3. கடைசி இரண்டு நாளில் புதிய கருத்து, புதிய சான்று எதையும் சேர்ப்பதில்லை என்று முடிவு செய்துகொள்ளுங்கள். அவசரத்தில் சேர்த்த வரிதான் மற்றப் பக்கங்களோடு முரண்படும்.

முதல் வகைத் திருத்தம் என்றால் என்ன என்பதற்கு உங்கள் தலைப்பிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு. "குடியிருப்பாளர்களில் 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் 2010இல் 9.0 விழுக்காடு, 2020இல் 15.2 விழுக்காடு. எனவே ஒவ்வொரு வட்டாரத்திலும் கூடுதல் நிலையங்கள் வேண்டும்." எண்கள் சரி. 'எனவே' தான் நிற்கவில்லை. மூத்தோர் தொகை கூடியிருக்கிறது என்பதை அந்த எண்கள் காட்டுகின்றன. இப்போதுள்ள நிலையங்களில் இடம் போதவில்லை என்பதைக் காட்டவில்லை. இருக்கும் நிலையங்களுக்கே ஆள் வராமல் இருக்கலாம். தூரம், நேரம், பேசும் மொழி, பதியும் முறை என்று வேறு காரணம் இருக்கலாம். இந்த ஓட்டையை அடைக்க இரண்டே வழி. ஒன்று, வருகை எண்ணிக்கை, காத்திருப்புப் பட்டியல் போன்ற சான்றைத் தேடிச் சேர்ப்பது. இல்லாவிட்டால் பரிந்துரையைச் சுருக்குவது: "கூடுதல் நிலையங்கள் தேவையா என்று முடிவெடுக்கும் முன், இருக்கும் நிலையங்களின் பயன்பாட்டை வட்டாரவாரியாக அளக்க வேண்டும்." இரண்டாவது வழியில் பரிந்துரை சிறியதாகிறது. ஆனால் யாராலும் அசைக்க முடியாததாகிறது. சான்று கிடைக்காத நிலையில் நாங்கள் இரண்டாவதையே எடுக்கச் சொல்வோம்.

எதிர்ச்சான்று கண்ணில் பட்டால் அதை மறைக்காதீர்கள். "இதற்கு மாறாக இப்படியும் ஒரு முடிவு உண்டு, இந்தக் காரணத்தால் அது நம் சூழலுக்கு முழுமையாகப் பொருந்தவில்லை" என்று இரண்டு வரி எழுதினால், மெமோவைப் படித்து முடிவெடுப்பவர் உங்களை நம்புவார்.

விரிவுரையாளரின் குறிப்பு ஒன்றை ஏற்க முடியவில்லை என்றால் சும்மா விட்டுவிட வேண்டாம். அட்டவணையில் ஒரே வரியில் காரணம் எழுதுங்கள். எழுத வரவில்லை என்றால் அவர் சொன்னதே சரி. இரண்டு குறிப்புகள் ஒன்றுக்கொன்று முரணாக இருந்தால், "என்ன செய்யட்டும் சார்?" என்று பொதுவாகக் கேட்டு மின்னஞ்சல் அனுப்பாதீர்கள். "பின்னணியைச் சுருக்கினால் இரண்டாம் குறிப்பில் நீங்கள் கேட்ட வரலாறு போய்விடும். வரலாற்றைப் பின்னிணைப்பில் வைக்கலாம் என்று நினைக்கிறேன், சரியா?" என்று கேட்டால் ஒரே வரியில் பதில் வந்துவிடும்.

பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கிறேன். என் மெமோவில், "சிங்கப்பூர் இந்தியர்களில் 2.5 விழுக்காட்டினரே வீட்டில் தமிழ் பேசுகிறார்கள். 2010இல் 3.3 விழுக்காடு, 0.8 விழுக்காடு குறைந்துவிட்டது" என்று எழுதினேன். எண்களை மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்துதான் எடுத்தேன். ஆனாலும் தவறு என்கிறார் அண்ணன். எங்கே தவறு?
— வாசகர், ஈசூன்

எண்ணை எடுத்தீர்கள், அது எதில் எத்தனை பங்கு என்பதை எடுக்கவில்லை. அண்ணன் சொல்வது சரிதான். உங்கள் வரியில் மூன்று இடம் பிசகியிருக்கிறது.

2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின் அந்த 2.5 விழுக்காடு, 5 வயதும் அதற்கு மேலும் ஆன குடியிருப்பாளர்கள் அனைவரிலும் எடுத்த பங்கு. சீனர், மலாய்க்காரர், இந்தியர், பிறர் எல்லாரும் அதில் உண்டு. குடியிருப்பாளர்களில் இந்தியர்கள் ஏறத்தாழ 9 விழுக்காடுதான். ஆகவே இந்தியர்களிடையே தமிழின் பங்கு 2.5 விழுக்காட்டைவிடப் பல மடங்கு பெரியது. அது வேண்டுமானால், இனவாரியாகப் பிரித்துத் தரும் அட்டவணையைத் தேடி எடுக்க வேண்டும்.

இரண்டாவது, கணக்கெடுப்பு அளந்தது 'வீட்டில் பேசும் மொழி' அன்று. 'வீட்டில் மிக அதிகமாகப் பேசும் மொழி'. பிள்ளைகளிடம் பெரும்பாலும் ஆங்கிலம், பாட்டியிடம் தமிழ் என்று பேசும் ஒருவர் அந்த எண்ணிக்கையில் ஆங்கிலத்தின் கீழ்தான் வருவார். அவரைத் தமிழ் பேசாதவர் என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். நம் மொழியைப் பற்றிய மெமோவில் இந்தச் சறுக்கல் வேண்டவே வேண்டாம்.

மூன்றாவது, 3.3இலிருந்து 2.5க்கு இறங்கியது 0.8 விழுக்காட்டுப் புள்ளி, அதாவது இரண்டு விழுக்காடுகளுக்கும் இடையிலான நேர் வித்தியாசம். அதையே 2010 அளவோடு ஒப்பிட்டால் 0.8ஐ 3.3ஆல் வகுக்க வேண்டும். ஏறத்தாழ 24 விழுக்காடு, அதாவது கால்வாசிச் சரிவு. இரண்டு கணக்கும் உண்மை. எதைச் சொல்கிறீர்கள் என்பதைத் தெளிவாக எழுத வேண்டும். இதே காலத்தில் ஆங்கிலம் 32.3இலிருந்து 48.3க்கு ஏறியது. அது 16 புள்ளி உயர்வு. "16 விழுக்காடு உயர்ந்தது" என்று எழுதினால் தவறு. விகிதக் கணக்கில் அது ஏறத்தாழ 50 விழுக்காடு உயர்வு.

'குடியிருப்பாளர்' என்ற பிரிவிலும் கவனம் வேண்டும். 2020இல் மொத்த மக்கள்தொகை 5.69 மில்லியன். அதில் குடிமக்கள் 3.52 மில்லியன், நிரந்தரவாசிகள் 0.52 மில்லியன்; இவர்கள்தாம் குடியிருப்பாளர்கள், 4.04 மில்லியன். வேலை அனுமதிச் சீட்டில் இங்கே இருக்கும் தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் இந்த மொழிக் கணக்கில் வரமாட்டார்கள். சிங்கப்பூரில் தமிழ் கேட்கும் இடங்களைப் பற்றி எழுதுகிறீர்கள் என்றால், இந்த விடுபடலை ஒரு வரியாவது சொல்லியே ஆக வேண்டும். தங்கும் விடுதிகளிலும் லிட்டில் இந்தியாவிலும் ஒலிக்கும் தமிழ் சிறிதன்று.

எண் சரிபார்க்க ஒரு முறை சொல்கிறோம். மெமோவில் உள்ள எண்கள் அனைத்தையும் வட்டமிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் நான்கு கேள்வி: எந்த ஆவணம், எந்த ஆண்டு, எதில் பங்கு, என்ன வரையறை. மூல அட்டவணையைப் பக்கத்தில் திறந்து வைத்து, கடைசி எண்ணிலிருந்து பின்னோக்கி வாருங்கள். முன்னாலிருந்து படித்தால் வாக்கியத்தின் ஓட்டம் கண்ணை இழுத்துக்கொண்டு போய்விடும். ஒரே எண் சுருக்கத்திலும் உள்ளேயும் வரைபடத்திலும் பின்னிணைப்பிலும் வந்தால் நான்கு இடத்திலும் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். ஓரிடத்தில் 48.3 என்றும் இன்னோரிடத்தில் 'பாதிக்கு மேல்' என்றும் வருவது வழக்கமான பிழை. 48.3 பாதிக்கு மேல் அன்று.

எங்கள் அடுக்குமாடிப் புளோக்குகளில் 40 பேரிடம் கேட்டு, குப்பை சேகரிப்பு நேரம் பற்றி நகர மன்றத்துக்கு ஒரு மெமோ தயாரித்திருக்கிறோம். 26 பேர் நேரத்தை மாற்றச் சொன்னார்கள். "65 விழுக்காட்டு மக்கள் விரும்புகிறார்கள்" என்று போடலாமா? அவர்கள் சொன்னதையும் சேர்க்க விரும்புகிறோம்.
— தொண்டூழியர், சுவா சூ காங்

போட வேண்டாம். "எங்களிடம் பேசிய 40 பேரில் 26 பேர்" என்று எழுதுங்கள். அதில் பொய் இல்லை. படிப்பவரும் அதன் எடையைத் தாமே அறிந்துகொள்வார். முறையாகக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த 40 பேராக இருந்தாலே பிழை எல்லை (உண்மை அளவு எவ்வளவு விலகியிருக்கலாம் என்பது) ஏறத்தாழ 15 புள்ளி இருபக்கமும் போகும். மாலை ஆறு மணிக்குக் கீழ்த்தளத்தில் கண்ணில் பட்டவர்களிடம் கேட்டிருந்தால் அந்தக் கணக்கும் பொருந்தாது; இரவுப் பணிக்காரர்களும் வீட்டை விட்டு இறங்க முடியாத முதியவர்களும் அதில் இல்லை. எந்த இடத்தில், எந்த நாளில், எந்த நேரத்தில், எந்த மொழியில் கேட்டீர்கள் என்று இரண்டு வரி சேர்த்துவிடுங்கள். நகர மன்ற அதிகாரிக்கு அது உங்கள் 65ஐவிடப் பயன்படும்.

பேச்சைச் சேர்ப்பது நல்லது, ஆனால் ஆளை அடையாளம் காட்டிவிடக் கூடாது. பெயரை எடுத்துவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள், போதாது. "12ஆம் மாடியில் தனியாக இருக்கும் 83 வயது ஓய்வுபெற்ற தாதி" என்று எழுதினால் அந்தப் புளோக்கில் எல்லாருக்கும் யாரென்று தெரியும். "தனியாக வசிக்கும் மூத்த குடியிருப்பாளர் ஒருவர்" போதும். ஒப்புதல் வாங்கும்போது என்ன நோக்கம் சொன்னீர்களோ அதற்கு மட்டுமே அவர்கள் தகவலைப் பயன்படுத்துங்கள். கருத்தாய்வுத் தாளில் அடையாள அட்டை எண் கேட்கவே தேவையில்லை. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழான வழிகாட்டி நெறிகள் 2019 செப்டம்பர் 1 முதல் இதைக் கடுமையாக்கியுள்ளன. சட்டம் கேட்டாலோ, ஆள் இன்னார்தான் என்று மிக உறுதியாக நிறுவ வேண்டியிருந்தாலோ தவிர, நிறுவனங்கள் அதைச் சேகரிக்கக் கூடாது.

வரம்பு 1,500 சொல். என்னிடம் 2,100 இருக்கிறது. எதை வெட்டுவது என்று தெரியவில்லை, எல்லாமே தேவைப்படுகிறது.
— வாசகி, பொங்கோல்

பின்னணிப் பகுதியில் தொடங்குங்கள். தேடிப் படித்ததையெல்லாம் காட்ட வேண்டும் என்ற ஆசையில் அங்கேதான் சதை போடும். மெமோவைப் படிப்பவர் அந்தத் துறையில் இருப்பவர். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) எப்போது தொடங்கியது என்று அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. பின்னணியின் ஒவ்வொரு வரியையும் எடுத்து, இது இல்லாவிட்டால் பரிந்துரை புரியாமல் போகுமா என்று கேளுங்கள். போகாது என்றால் வரி போகலாம். பெரிய அட்டவணையைப் பின்னிணைப்புக்கு மாற்றி, அதன் முடிவை மட்டும் ஒரு வரியில் உள்ளே வையுங்கள். பின்னிணைப்பும் சொல் வரம்பில் சேருமா என்பதை முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது. பாடத்துக்குப் பாடம் விதி மாறும்.

அதற்குப் பிறகுதான் வாக்கியம். "மேற்கண்ட காரணங்களை எல்லாம் கருத்தில் கொண்டு பார்க்கும்போது தற்போது நடைமுறையில் இருந்து வரும் பதிவு முறையில் மாற்றங்கள் கொண்டுவரப்பட வேண்டியது அவசியம் என்று கருதப்படுகிறது." இதில் 18 சொல். யார் கருதுகிறார், யார் மாற்ற வேண்டும், என்ன மாற்றம், எதுவும் இல்லை. "இணையத்தில் பதியத் தெரியாதவர்கள் நிலையத்துக்கு நேரில் வந்தும் பதியலாம் என்று நிர்வாகம் விதியை மாற்ற வேண்டும்." இது 12 சொல். ஆறு சொல் மிச்சமானதோடு, சொல்ல வந்ததும் வந்துவிட்டது. 'படுகிறது', 'பட வேண்டும்' என்று முடியும் வாக்கியங்களைத் தேடிப் பிடித்தாலே பெரும்பாலும் இப்படிக் கிடைக்கும்.

எழுத்தின் அளவைச் சுருக்கியோ ஓர இடத்தைக் குறைத்தோ பக்கத்தைச் சமாளிக்காதீர்கள். படிப்பவருக்கு முதல் பார்வையிலேயே தெரிந்துவிடும்.

திருத்தத்துக்குச் செயற்கை நுண்ணறிவுச் செயலியைப் பயன்படுத்தலாமா?
— வாசகர், உட்லண்ட்ஸ்

உங்கள் பாடத்தின் அல்லது அலுவலகத்தின் விதியைப் பாருங்கள். அனுமதி இருந்தால், கேட்கும் வடிவில் அறிவித்துவிட்டுப் பயன்படுத்துங்கள். வாதமும் எண்ணும் உறுதியான பிறகு மொழிக்கு மட்டும் போதும். 'தொடர்புடையதாகத் தெரிகிறது' என்று நீங்கள் கவனமாக எழுதியதை அது 'காரணமாகிறது' என்று மாற்றி வைக்கும். சான்று தாங்காத உறுதி அப்படித்தான் நுழைகிறது. இல்லாத கட்டுரையை இருப்பதாக மேற்கோள் காட்டுவதும் உண்டு. ஆகவே பழைய வடிவத்தையும் புதியதையும் வேர்டின் ஒப்பிடும் வசதியில் போட்டு, மாறிய ஒவ்வொரு சொல்லையும் பாருங்கள். பேட்டிக் குறிப்புகளைச் செயற்கை நுண்ணறிவுச் செயலியில் ஏற்றவே கூடாது.

இணையத்தில் எடுத்த தரவு, பழைய தமிழ் முரசுச் செய்தி, இரண்டையும் மேற்கோள் காட்டியிருக்கிறேன். கொடுப்பதற்கு முன் எதைச் சரிபார்க்க வேண்டும்?
— வாசகி, பிடோக்

தரவை எடுத்த அன்றே கோப்பைச் சேமித்து, பெயரில் தேதியைப் போட்டு வைத்திருக்க வேண்டும். அரசாங்கத் தரவுத் தளங்களில் புள்ளிவிவரங்கள் அவ்வப்போது புதுப்பிக்கப்படும், திருத்தப்படும். போன மாதம் பார்த்த எண் இன்று வேறாக இருக்கலாம். இப்போது மறுபடி பாருங்கள். மாறியிருந்தால் புதியதை எடுத்து, அதோடு சேர்த்துக் கணக்கிட்ட விகிதங்களையும் மாற்றுங்கள். இந்தப் பின்பாதியைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். தமிழ் முரசு 1935இல் தொடங்கிய நாளிதழ். தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி என்ற பழைய நாளிதழ்களின் இணையத் தொகுப்பில் பார்க்கும்போது, பக்கத்தின் படத்தையே திறந்து தேதி, பக்க எண், தலைப்பு மூன்றையும் நேரடியாகக் குறித்துக்கொள்ளுங்கள். வேறொருவர் கட்டுரையில் கண்ட மேற்கோளை மூலத்தில் பார்த்ததுபோல் எழுதக் கூடாது.

கடைசி நாளில் என்னென்ன பார்க்க வேண்டும்? போன முறை மேலதிகாரியின் குறிப்புகளோடு கோப்பு போய்விட்டது.
— அலுவலக ஊழியர், ஜூரோங் வெஸ்ட்

கோப்பை வேறு பெயரில் ஒரு படி எடுத்து, அந்தப் படியில் மட்டும் இவற்றைச் செய்யுங்கள். எல்லாத் திருத்தங்களையும் ஏற்று, ஓரக் குறிப்புகள் அனைத்தையும் நீக்குங்கள். திருத்தங்களைத் திரையில் மறைத்து வைப்பது நீக்குவது ஆகாது. உங்களுக்குப் போன முறை நடந்தது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். பிறகு கோப்பு மெனுவில் உள்ள ஆவணச் சோதனையை ஓட்டினால், மறைந்திருக்கும் குறிப்புகளும் எழுதியவர் பெயரும் தெரியவரும், அங்கேயே நீக்கலாம். கன்ட்ரோல் விசையோடு ஏ அழுத்தி முழுவதையும் தேர்ந்து, எஃப்9 அழுத்துங்கள். பொருளடக்கமும் பட எண்களும் புதுப்பிக்கப்படும். எங்காவது பத்தியை நீக்கியதால் அறுந்துபோன இணைப்பு இருந்தால், பிழைச்செய்தியாக நடுவாக்கியத்தில் வந்து நிற்கும். அதனால் எஃப்9 அழுத்தியபின் ஒருமுறை முழுதும் புரட்டியே ஆக வேண்டும்.

அனுப்புநர், பெறுநர், தேதி, பொருள் ஆகிய நான்கையும் பாருங்கள். பழைய மெமோவின் மேல் எழுதியிருந்தால் பழைய தேதி அங்கேதான் உட்கார்ந்திருக்கும். பிடிஎஃப் ஆக்கியதும் கைப்பேசியில் திறந்து பாருங்கள். தமிழ் எழுத்து இருந்தால் கொம்பும் காலும் இடம் மாறாமல் வருகிறதா என்று அங்கே தெரிந்துவிடும். அலுவலகக் கோப்பு என்றால் இத்தோடு அனுப்பிவிடலாம். கல்லூரி மெமோ எழுதும் வாசகர்களுக்கு இன்னும் ஒன்று: டர்னிட்டினில் (உங்கள் எழுத்தைப் பிறர் எழுத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் இணையச் சேவை) மூன்று முறைக்கு மேல் மறுபடி ஏற்றினால் ஒப்புமை அறிக்கை வர 24 மணி நேரம் ஆகும். அதனால் முதல் ஏற்றத்தை இறுதி நாளுக்கு இரண்டு நாள் முன்னதாகவே செய்துவிடுங்கள்.